இருப்பதிலேயே பெரியது

ஒரு கூட்டத்தில் உள்ள எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, ஏதேனும் ஒரு பண்பில் கடைக்கோடியில் நிற்கும் ஒன்றைப் பிரித்துக் காட்ட ஆங்கிலப் பெயரடை எடுக்கும் வடிவத்துக்கு சூப்பர்லேட்டிவ், அதாவது உச்சநிலை, என்று பெயர். 'பிக்' என்பது பண்பை மட்டும் சொல்லும். 'பிக்கர்' இரண்டை எதிரெதிரே நிறுத்தும். 'பிக்கெஸ்ட்' ஒரு தொகுதி முழுவதையும் வரிசையாக நிறுத்தி, அதன் முனையில் இருப்பதைத் தொட்டுக் காட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' என்ற தலைப்பில் பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என மூன்று கட்டங்களாகக் கோடு போட்டு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாடம் இதுதான். மூன்று பெயர்களும் லத்தீன் இலக்கணம் தந்தவை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமில் இலக்கணம் கற்பித்த தொனாத்துஸின் பாடநூலில் இந்த மூன்று படிகளும் இதே பெயர்களோடு இருக்கின்றன. சூப்பர்லேட்டிவ் என்ற சொல்லுக்கு லத்தீன் வேர்ப்பொருள் 'மேலே கொண்டுசெல்லப்பட்டது'.

அந்தப் பெயரே மாணவரைச் சற்றுத் தடம் மாற்றிவிடுகிறது. மேலே கொண்டுசெல்லப்பட்டது என்றதும் மிக உயர்ந்தது, மிகச் சிறந்தது, பிரமாண்டமானது என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடுகிறது. வடிவம் சொல்வதோ வரிசையில் ஓர் இடத்தை மட்டும். செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றில் மூன்று அளவுகளில் கற்கள் அடுக்கப்பட்டிருந்தால், அவற்றில் பெரியது 'தி பிக்கெஸ்ட்'. அதைவிடப் பெரிய கற்களை மட்டும் வார்க்கும் இன்னொரு பட்டறைக்கு அதே கல்லைக் கொண்டுபோய் வைத்தால் அங்கே அது 'தி ஸ்மாலெஸ்ட்' ஆகிவிடும். கல்லின் அளவு இம்மியும் மாறவில்லை. அது நிற்கும் கூட்டம் மாறியிருக்கிறது. எந்தக் கூட்டத்துக்குள், எந்த எல்லைக்குள் என்பது தெரியாதவரை உச்சநிலை வடிவத்துக்குப் பொருள் கிடையாது. சொல்லின் ஈற்றில் 'எஸ்ட்' சேர்ப்பதும் முன்னால் 'மோஸ்ட்' சேர்ப்பதும் எல்லை தெரிந்த பிறகு வரும் வேலைகள். பாடநூல்களோ பெரும்பாலும் அந்த வேலைகளில் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன.

எல்லையிலிருந்து தொடங்குவது தமிழ் மாணவருக்கு எளிது. ஏனென்றால் தமிழ் அப்படித்தான் தொடங்குகிறது. தமிழ்ப் பெயரடை உரு மாறுவதில்லை. 'பெரிய' என்பது எத்தனை பொருள்களோடு ஒப்பிட்டாலும் 'பெரிய' என்றே நிற்கும். ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைத் தெளிவாகக் குறித்திருக்கிறார்: இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப்போல் பெயரடையின் ஈற்றில் விகுதி ஒட்டி ஒப்பிடும் முறை திராவிட மொழிகளில் இல்லை. இல்லை என்பதால் இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஒப்பீட்டின் சுமையைத் தமிழ் வேறிடத்தில் ஏற்றுகிறது. 'ஊரிலேயே பெரிய வீடு', 'மூன்றிலும் சிறியது', 'இருப்பதிலேயே பழையது', 'பார்த்ததிலேயே அழகானது' என்ற நான்கு தொடர்களிலும் முதலில் வந்து நிற்பது எல்லைதான்: ஊர், மூன்று, இருப்பது, பார்த்தது. அந்த எல்லைச் சொல்லின்மேல் 'இல்' ஏறுகிறது; 'உம்' அல்லது 'ஏ' வந்து, அதற்குள் இருப்பது ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று உறுதி சொல்கிறது. பெயரடை கடைசியில், எந்த மாற்றமும் இல்லாமல், வந்து சேர்கிறது. ஆங்கிலத்தின் போக்கு இதற்கு நேர் எதிரானது. 'தி பிக்கெஸ்ட் ஹவுஸ் இன் தி வில்லேஜ்' என்பதில் உச்சம் முதலில் வருகிறது, ஊர் கடைசியில் வருகிறது. கேட்பவர் வாக்கியம் முடியும்வரை எல்லைக்காகக் காத்திருக்க வேண்டும்.

தமிழ் இலக்கண நூல்களும் ஒப்பீடு, எல்லை ஆகிய இரண்டையும் அருகருகே வைத்திருக்கின்றன. தொல்காப்பியம் ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை ஐந்தாம் வேற்றுமையான 'இன்' உருபிடம் ஒப்படைக்கிறது. எவற்றில் ஒப்பிடலாம் என்று அது எண்ணிக்காட்டும் பண்புகளில் நிறம், வடிவம், சுவை, குளிர்ச்சி, வெம்மை, சிறுமை, பெருமை, வன்மை, மென்மை, முதுமை, இளமை ஆகியவை உண்டு. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேரான கோல்ட், ஹாட், ஸ்மால், பிக், ஹார்ட், சாஃப்ட், ஓல்ட், யங் போன்ற சொற்கள் எல்லாம் 'எஸ்ட்' ஏற்கும் ஓரசைச் சொற்களாக இருப்பது கவனிக்கத்தக்கது. மனிதர் நாளும் ஒப்பிட்டுப் பார்க்கும் பண்புகளுக்கு மொழிகள் குறுகிய சொற்களை வைத்துக்கொள்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய பொருள்களில் ஒப்பையும் எல்லையையும் சேர்த்தே சொல்கிறது. ஒப்பிடுவதற்கும் எல்லை வகுப்பதற்கும் ஒரே வேற்றுமை. உச்சநிலையை விளக்க இதைவிட நல்ல தொடக்கம் எந்த ஆங்கில இலக்கண நூலிலும் கிடைப்பது அரிது.

சில இடங்களில் தமிழ் எல்லையைச் சொல்லாமலே விட்டுவிடும். ஊரில் ஒருவர் 'பெரிய வீடு' என்றால் எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்காது. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி மகன்களுக்கு ஆளுக்கோர் அறை கட்டி வாழ்ந்த செட்டிநாட்டு வீட்டில் மூன்று மகன்கள் பெரியவர், நடுவுளவர், சின்னவர் என்று அழைக்கப்படுவார்கள். வடிவத்தில் வெறும் பெயரடை. பொருளிலோ முழு உச்சநிலை. எல்லை அந்தக் குடும்பம், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆங்கிலத்தில் எழுத வரும்போது இங்கே ஒரு கூடுதல் வேலை சேர்கிறது. மகன்கள் மூவர் என்றால் பெரியவர் 'தி எல்டெஸ்ட்'. இருவர் மட்டும் என்றால் 'தி எல்டர்'. தமிழில் 'பெரிய மகன்' என்று சொல்ல எத்தனை மகன்கள் என்று எண்ணத் தேவையில்லை. ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல எண்ணியாக வேண்டும். இரண்டுக்கு ஒரு வடிவம், மூன்றுக்கும் அதற்கு மேலும் வேறொரு வடிவம். பேச்சில் ஆங்கிலேயரும் இரண்டுக்கு உச்சநிலையைப் பயன்படுத்துவது உண்டு என்றாலும், தேர்வுத்தாளும் கவனமான எழுத்தும் இந்த எண்ணிக்கையை எதிர்பார்க்கின்றன.

எல்லை விளங்கிய பிறகு வடிவத்துக்கு வரலாம். ஓரசைச் சொற்கள் 'எஸ்ட்' ஏற்கின்றன: டால், டாலெஸ்ட், ஓல்ட், ஓல்டெஸ்ட். எழுத்துக்கூட்டலில் மூன்று மாற்றங்கள் உண்டு. மாணவர்கள் இவற்றைத் தனித்தனி விதிவிலக்குகளாக உருப்போடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் தமிழ்ப் புணர்ச்சி விதிகளோடு நெருங்கிய ஒற்றுமை இருப்பதை வகுப்பில் யாரும் சுட்டிக்காட்டாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

கல் என்ற சொல்லோடு 'இல்' சேர்ந்தால் கல்லில். கால் என்ற சொல்லோடு சேர்ந்தால் காலில். தனியாக நிற்கும் குற்றெழுத்தை அடுத்து வரும் மெய், பின்னால் உயிர் வரும்போது இரட்டிக்கிறது. நெட்டெழுத்துக்குப் பின் வரும் மெய் இரட்டிப்பதில்லை. இதே காட்சியை ஆங்கிலத்தில் பார்க்கலாம். 'பிக்' என்பதில் குறில் ஒன்று, அதையடுத்து மெய் ஒன்று. உயிரில் தொடங்கும் 'எஸ்ட்' வந்ததும் ஜி எழுத்து இரட்டிக்கிறது. 'தின்' என்பதில் என் எழுத்தும், 'வெட்' என்பதில் டி எழுத்தும் அவ்வாறே. 'டீப்', 'கூல்', 'கிளீன்' ஆகியவை நெடில் கொண்டவை. அவற்றின் இறுதி மெய் இரட்டிக்காது. ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. 'அவன்' என்பதோடு 'ஐ' சேர்ந்தால் அவனை என்றுதான் ஆகும், மெய் இரட்டிக்காது. காரணம், குறில் தனியாக நிற்கவில்லை. ஆங்கிலத்தில் 'கிளெவர்' என்ற ஈரசைச் சொல் 'கிளெவரெஸ்ட்' ஆகும்போதும் ஆர் எழுத்து இரட்டிக்காது. அங்கே காரணம், அழுத்தம் இறுதி அசையில் விழவில்லை. காரணங்கள் வேறு, விளைவு ஒன்றுதான். ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: தமிழில் இரட்டிப்பு காதில் கேட்கும், ஆங்கிலத்தில் அது தாளில் மட்டும் இருக்கும். குறிலின் ஓசையைக் காப்பதற்காக எழுதப்படும் இரண்டாம் எழுத்து அது. டபிள்யூ, எக்ஸ் ஆகிய எழுத்துகளும் இரட்டிப்பதில்லை; நியூ, ஸ்லோ ஆகியவை நேரடியாக 'எஸ்ட்' ஏற்கும்.

இரண்டாவது மாற்றம் ஈ எழுத்தில் முடியும் சொற்களுக்கு. 'லார்ஜ்', 'வைட்', 'ஃபைன்' ஆகியவற்றின் இறுதியில் ஒலிக்காத ஈ ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. 'எஸ்ட்' வரும்போது இரண்டு ஈ எழுதப்படுவதில்லை. அழகு என்பதோடு 'இல்' சேரும்போது குற்றியலுகரம் மறைந்து அழகில் ஆவதைப்போல, பழைய ஈ விலகிப் புதியதற்கு இடம் விடுகிறது. மூன்றாவது மாற்றம் ஒய் எழுத்தில் முடியும் சொற்களுக்கு. முன்னால் மெய் இருந்தால் ஒய் போய் ஐ எழுத்து வரும். ட்ரை, ஹேப்பி, ஹெவி ஆகியவை அப்படி மாறும். முன்னால் உயிர் இருந்தால் மாறாது. சாம்பல் நிறத்தைக் குறிக்கும் 'கிரே' அப்படியே 'எஸ்ட்' ஏற்கும்.

சொல் நீளமாகும்போது விகுதி நின்றுவிட்டு 'மோஸ்ட்' முன்னால் வருகிறது. மூன்று அசையும் அதற்கு மேலும் கொண்டவை எல்லாம் இந்த வழி: மோஸ்ட் பியூட்டிஃபுல், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ். ஈரசைச் சொற்களில்தான் தடுமாற்றம். 'ஹேப்பி', 'சிம்பிள்', 'நேரோ' போன்று மெல்லிய ஈறு கொண்டவை 'எஸ்ட்' ஏற்கின்றன. 'கேர்ஃபுல்', 'ஃபேமஸ்', 'மாடர்ன்' போன்றவை 'மோஸ்ட்' கேட்கின்றன. 'பொலைட்', 'காமன்' போன்றவை இரண்டு வழியிலும் போகும். 'அன்ஹேப்பி' மூன்றசை என்றாலும் 'ஹேப்பி'யின் வழியிலேயே போகிறது. வினையிலிருந்து பிறந்த 'டயர்டு', 'போர்டு' போன்றவை குட்டையாக இருந்தாலும் 'மோஸ்ட்' ஏற்கும். இந்தப் பகுதியில் வரையறுத்த சட்டம் தேடுவது வீண் முயற்சி. படித்துப் படித்துக் காது பழகுவதே வழி; ஐயம் வந்தால் 'மோஸ்ட்' போடுவது பெரும்பாலும் பிழையாகாது.

இரண்டையும் சேர்த்து 'மோஸ்ட் டாலெஸ்ட்' என்று எழுதுவது தமிழ் மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இந்த இரட்டை வடிவம் இயல்பாகவே புழங்கியது. அவருடைய நாடகங்களிலும் உண்டு. 1762இல் ராபர்ட் லோத் எழுதிய ஆங்கில இலக்கணம் போன்ற 18ஆம் நூற்றாண்டு நூல்கள்தாம் இதைத் தகாதது என்று விலக்கின. எனவே இந்தப் பிழையைச் செய்யும் மாணவரை அறியாதவர் என்று கடிந்துகொள்வது முறையாகாது. தமிழில் மிகுதியைச் சொல்ல அடுக்குவது வழக்கம் என்பதால் அவருடைய கை அப்படிப் போகிறது.

அந்த அடுக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சின்னஞ்சிறு, பென்னம்பெரிய, கன்னங்கரேல், செக்கச்செவேல், வெள்ளைவெளேர், பச்சைப்பசேல் என்று தமிழ் ஒரு பண்பை இரட்டித்து ஏற்றிக்கொண்டே போகும். உரிச்சொற்களும் இதற்கென்றே இருக்கின்றன: நனி, தவ, உறு, சால, கழி, கூர். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பை 'செக்கச்செவேல்' என்று ஒருவர் சொன்னால், சிவப்பு அவருடைய கண்ணை நிறைத்திருக்கிறது என்று பொருள். வேறெந்தக் கல்லோடும் அவர் அதை ஒப்பிடவில்லை. ஆங்கிலத்தில் 'தி ரெட்டெஸ்ட்' என்றால் மற்ற சிவப்புகள் அருகில் இருந்தே ஆக வேண்டும். நிறம் மங்கிய கற்களின் அடுக்கிலும் ஒரு 'ரெட்டெஸ்ட்' இருக்கும். தமிழின் அடுக்கு ஆழத்தை அளக்கிறது, ஆங்கிலத்தின் உச்சநிலை வரிசையை அளக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கும்போது வாசகர் ஏமாந்துபோகிறார்.

'மிக' என்ற சொல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 'மிகப் பெரிய வீடு' என்று மட்டும் சொன்னால் ரொம்பப் பெரிய வீடு. ஆங்கிலத்தில் 'வெரி பிக்'. 'சிவகங்கை மாவட்டத்தின் மிகப் பெரிய வீடு' என்றால் 'தி பிக்கெஸ்ட்'. 'மிக' மாறவில்லை; மாவட்டம் என்ற எல்லை வந்து சேர்ந்ததும் மிகுதி உச்சமாகிவிட்டது. ஆங்கிலத்தின் 'மோஸ்ட்' இதே இரட்டை வேலையைச் செய்வது உண்டு. 'தி மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்' என்றால் இருப்பதிலேயே பயனுள்ள நூல். 'எ மோஸ்ட் யூஸ்ஃபுல் புக்' என்றால் மிகவும் பயனுள்ள ஒரு நூல், அவ்வளவுதான்; ஒப்பீடு இல்லை. 'தி', 'எ' என்ற சின்னஞ்சிறு சொற்களே பொருளைப் பிரிக்கின்றன. எதுவும் முன்னால் வராமல் 'மோஸ்ட் ஹவுசஸ்' என்றால் பெரும்பாலான வீடுகள். ஒரே சொல்லுக்கு இப்படி மூன்று பொருள்கள்.

ஒழுங்குக்கு அடங்காத சொற்கள் எண்ணிக்கையில் குறைவு, புழக்கத்தில் மிகுதி: குட், பெஸ்ட், பேட், வொர்ஸ்ட், மச், மெனி, மோஸ்ட், லிட்டில், லீஸ்ட், ஃபார், ஃபார்தெஸ்ட் அல்லது ஃபர்தெஸ்ட். 'குட்' ஒரு வேரிலிருந்தும் 'பெட்டர்', 'பெஸ்ட்' வேறு வேரிலிருந்தும் வந்தவை. அதனால்தான் முகம் ஒத்துவரவில்லை. தினமும் நாவில் புரளும் சொற்கள் புதிய ஒழுங்குக்கு இழுபடாமல் பழைய வடிவத்தைக் காத்துக்கொள்கின்றன. 'ஓல்ட்' என்பதற்கு ஓல்டெஸ்ட், எல்டெஸ்ட் என இரண்டு வடிவங்கள் இருப்பதும் பழமையின் எச்சம். பழைய ஆங்கிலத்தில் விகுதி சேரும்போது அடிச்சொல்லின் உயிரும் மாறும் சொற்கள் பல இருந்தன. இன்று மிஞ்சியிருப்பது 'எல்டர்', 'எல்டெஸ்ட்' மட்டும். அவை குடும்பத்தில் பிறப்பு வரிசைக்கு உரியவை. தமிழர் இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்யவே தேவையில்லை: 'மூத்த' என்று வரும் இடத்தில் 'எல்டெஸ்ட்', 'பழைய' என்று வரும் இடத்தில் 'ஓல்டெஸ்ட்'. மூத்த மகள், பழைய வீடு. ஆங்கிலம் 'ஓல்ட்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவைத்ததைத் தமிழ் முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

உச்சநிலை என்று இன்று அடையாளம் தெரியாமல் போன சொற்களும் உண்டு. 'நெக்ஸ்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'மிக அருகில் உள்ளது'. 'லாஸ்ட்' என்பது 'லேட்' என்பதன் பழைய உச்சநிலை. 'ஃபர்ஸ்ட்' என்பது 'எல்லோருக்கும் முன்னால்'. காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்குப் போகும் பஸ்ஸில் 'நெக்ஸ்ட் ஸ்டாப்', 'லாஸ்ட் பஸ்' என்று சொல்பவர் ஆங்கிலத்தின் தொன்மையான உச்சநிலை வடிவங்களைச் சரளமாகக் கையாள்கிறார். பெஸ்ட், வொர்ஸ்ட், லேட்டஸ்ட், அட்லீஸ்ட், ஹையஸ்ட் மார்க் என்று பேச்சுத் தமிழ் எடுத்துக்கொண்ட பட்டியல் நீளமானது. எடுத்துக்கொண்டபோது சில சொற்களின் எல்லை கரைந்துபோனது. 'அதுக்கு இது எவ்வளவோ பெஸ்ட்' என்று சொல்லும்போது 'பெஸ்ட்' உச்சநிலையாக இல்லை. 'தேவலை' என்ற தமிழ்ச் சொல்லின் வேலையைச் செய்கிறது, இரண்டை மட்டும் ஒப்பிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இடத்தில் 'பெட்டர்' வர வேண்டும்.

'எஸ்ட்' விகுதியின் உறவினர் ஒருவர் ஆங்கிலம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழகத்துக்கு வந்துவிட்டார். வடமொழியின் 'இஷ்ட' விகுதியும் ஆங்கிலத்தின் 'எஸ்ட்' விகுதியும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே விகுதியிலிருந்து பிரிந்தவை. கிரேக்கத்தின் 'இஸ்தோஸ்' மூன்றாவது கிளை. ஜ்யேஷ்ட என்றால் மூத்த, கனிஷ்ட என்றால் இளைய, சிரேஷ்ட என்றால் சிறந்த. இலங்கைத் தமிழில் சிரேஷ்ட விரிவுரையாளர் என்ற பதவிப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. விருச்சிக ராசியில் செந்நிறமாக ஒளிரும் நட்சத்திரம் வடமொழியில் ஜ்யேஷ்டா. தமிழ் நாவில் அது கேட்டை ஆனது. பல்லவர், பாண்டியர் காலக் கோயில்களில் வழிபடப்பட்ட ஜ்யேஷ்டா தேவியைத் தமிழ் எப்படி ஏற்றுக்கொண்டது என்பது இந்தப் பாடத்துக்கே உரிய சான்று. உச்சநிலை விகுதி தாங்கிய அந்தப் பெயருக்கு ஈடாகத் தமிழ் விகுதி எதையும் தேடவில்லை. தவ்வை என்றது, அதாவது அக்காள். மூதேவி என்றது, அதாவது மூத்த தேவி. உச்சநிலை மீண்டும் வெறும் அடைமொழியாக, எல்லை சொல்லாத உறவாக மாறிவிட்டது.

இனிப் பயன்பாடு. உச்சநிலைப் பெயரடைக்கு முன்னால் 'தி' வருவது பொதுவிதி. முனையில் நிற்பது எது என்று தெரிந்துவிட்டதால், அதைச் சுட்டிக்காட்டும் சொல் தேவைப்படுகிறது. 'மை', 'அவர்' போன்ற உடைமைச் சொல் வந்தால் 'தி' விலகிக்கொள்ளும். சுட்டும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. ஒரு பொருளை அதனோடே ஒப்பிடும்போதும் 'தி' வராது: ஊருணி இந்த இடத்தில்தான் மிக ஆழம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'டீப்பெஸ்ட்' தனியாக நிற்கும், ஏனெனில் வேறு ஊருணி எதுவும் பேச்சில் இல்லை.

எல்லையைச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு முன்னிடைச் சொற்கள் இருக்கின்றன. இடம் என்றால் 'இன்': இன் தி வில்லேஜ், இன் தமிழ்நாடு. எண்ணக்கூடிய கூட்டம் என்றால் 'ஆஃப்': ஆஃப் தி த்ரீ, ஆஃப் ஆல். தமிழில் ஊரில், மூன்றில், எல்லாவற்றிலும் என்று அனைத்துக்கும் ஒரே 'இல்' போதும். அதனால்தான் 'தி ஸ்மாலெஸ்ட் இன் தி த்ரீ' என்ற பிழை பிறக்கிறது. ஊர் என்பது கூட்டத்தை அடைத்துவைத்திருக்கும் இடம்; மூன்று என்பது கூட்டமே. இந்த வேறுபாட்டை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் பிழை திரும்ப வருவது குறையும். பேசுபவரின் அனுபவமும் எல்லையாகலாம். 'ஐ ஹேவ் எவர் சீன்' என்று ஆங்கிலம் ஒரு துணைவாக்கியத்தையே பின்னால் சேர்க்கிறது. தமிழுக்கு 'பார்த்ததிலேயே' என்ற ஒற்றைச் சொல் போதுமாக இருக்கிறது. இந்த எல்லை நேர்மையானது. உலகத்தை முழுதும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளாமல் பார்த்த அளவுக்குள் தீர்ப்புச் சொல்கிறது. எல்லையே சொல்லாமல் 'பெஸ்ட்' என்று கடைப்பலகையில் எழுதுவதை யாரும் சரிபார்க்க முடியாது. அதை இலக்கண வடிவம் சரியாக இருந்தாலும் பொருள் நிறையாத வாக்கியம் என்றே கொள்ள வேண்டும்.

'ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட்' என்று தொடங்கினால் பின்னால் பன்மைதான் வர வேண்டும்: ஹவுசஸ். 'ஹவுஸ்' என்று ஒருமையில் நிறுத்துவது தமிழ்நாட்டு விடைத்தாள்களில் மலிந்த பிழை. தமிழில் அஃறிணைப் பெயர் பன்மை விகுதி இல்லாமலே பன்மையைக் குறிக்கும். 'பத்து வீடு' என்பது தமிழில் குற்றமில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்துவிடுகிறது. தேர்வில் கேட்கப்படும் 'மாற்றி எழுதுக' வினாக்களில் மிகவும் பொருள் பொதிந்தது 'அதர்' என்ற சொல். உச்சநிலையில் 'தி பிக்கெஸ்ட் ஆஃப் ஆல் தி ஹவுசஸ்' என்கிறோம். அந்த வீடும் கூட்டத்துக்குள் அடக்கம். கம்பேரட்டிவ் படிக்கு மாற்றும்போது 'பிக்கர் தேன் எனி அதர் ஹவுஸ்' என்று 'அதர்' சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த வீடு தன்னைவிடவும் பெரியது என்று ஆகிவிடும். தமிழ் இதே தர்க்கத்தை உருபுகளிலேயே வைத்திருக்கிறது. 'எல்லா வீடுகளிலும் பெரியது' என்பதில் 'இல்' அந்த வீட்டை உள்ளே வைத்துக்கொள்கிறது. 'மற்ற எல்லா வீடுகளையும்விடப் பெரியது' என்பதில் 'விட' அதை வெளியே நிறுத்துகிறது. அதனால் 'மற்ற' தானாகவே வந்துவிடுகிறது. பாசிட்டிவ் படிக்கு மாற்றும்போது 'நோ அதர் ஹவுஸ் இன் தி வில்லேஜ் இஸ் ஆஸ் பிக் ஆஸ்' என்று தொடங்குவதும் இதே 'மற்ற'தான். 'அந்த அளவுக்கு வேறு வீடு இல்லை' என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்த மாணவருக்கு இந்த வாக்கிய அமைப்பு மந்திரமாகத் தோன்றாது. 'ஒன் ஆஃப் தி' என்ற வாக்கியம் 'வெரி ஃபியூ' என்று மாறுவதற்கும் காரணம் இதுவே: முனையில் ஒன்று மட்டும் நிற்காமல் சில சேர்ந்து நிற்கும்போது, அவற்றுக்கு ஈடாகச் சிலவே உண்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

முழுமையைக் குறிக்கும் சொற்களுக்குப் படிகள் இல்லை. ஃபுல், டெட், யூனிக் போன்றவை அந்த வகை. நிறைந்த குடம் இன்னும் நிறைய முடியாது. ஒப்பீட்டைக் கீழ்நோக்கிச் சொல்ல 'லீஸ்ட்' உண்டு, அசை எண்ணிக்கை எதுவானாலும் அது முன்னால் வரும்: தி லீஸ்ட் எக்ஸ்பென்சிவ். தமிழில் 'இருப்பதிலேயே விலை குறைந்தது' என்று பண்பையே திருப்பிச் சொல்வதால் தனி வடிவம் வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலமும் ஓரசைச் சொற்களில் 'லீஸ்ட் டால்' என்பதைவிட 'ஷார்ட்டெஸ்ட்' என்பதையே விரும்புகிறது. வினையடைகளுக்கும் இதே முறைதான்: ஃபாஸ்ட், ஹார்ட் போன்றவை 'எஸ்ட்' ஏற்கும், கேர்ஃபுலி போன்று 'லி'யில் முடிபவை 'மோஸ்ட்' ஏற்கும், அங்கே 'தி' இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழையில்லை.